தாசில்தார் வராத மதியம்

இலையில் சோறு ஆறிக் கிடந்தது. ரெங்கசாமிப் பிள்ளை கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் பூனைகள் வரவில்லை.

மனைவி மங்களாம்பிகை தை மாதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து, தனியாக உட்கார்ந்தால் அவருக்கு ஒரு கவளம் இறங்காது. அப்போதுதான் எங்கிருந்தோ இந்தப் பூனைகள் வந்தன. மதியம் இலை போட்டதும் ஆஜராகிவிடும். ஒற்றைக்கண் கடுவனுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போகிறவன். அவற்றுக்கு ஒரு பிடி தயிர்சோறு, தனக்கு ஒரு பிடி என்று பாவம், மனிதர் பிழைத்துக் கிடந்தார்.

குறுவை அறுப்பு வந்தது. ஆட்சியே மாறிவிட்டது, இன்னும் பழைய கூலியா என்று கேட்ட சங்கத்தார், அரைப்படி நெல் கூட்டச் சொல்லி வரப்பில் செங்கொடி நட்டார்கள். பிள்ளை முடியாது என்றார். ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றார்கள். மாட்டுக்கொட்டகை கூட்டும் ராசம்மாளும் நின்றாள். அன்றோடு பூனைகளும் நின்றுவிட்டன.

தயிர் புளித்துவிட்டதோ என்று பாலை ஊற்றி வைத்தார். பக்கத்து வீட்டு நாய் வந்து குடித்துவிட்டு, மறுநாள் கூட்டாளிகளையும் அழைத்து வந்தது. சரி, பூனைக்கு வேண்டியது வேறு என்று, சைவராய்ப் பிறந்த மனிதர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சைக்கிள் வியாபாரி யூனுஸிடம் கருவாடு வாங்கினார். ஓட்டின் மேல் காக்கைகள் மாநாடு போட்டன. பிள்ளை ரகசியமாய்க் கருவாடு தின்கிறார் என்று ஊரில் பேச்சானது. சமைத்துப்போட வந்த கமலாம்பாள் கரண்டியை வைத்துவிட்டுப் போனாள்.

வயலில் கதிர் முற்றி நெல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கோ பூனைகள் கைவிட்டதுதான் பெரிதாக வலித்தது.

சங்கத் தலைவர் கண்ணுசாமி பேச வந்தபோது பிள்ளை கூலியைப் பற்றியே பேசவில்லை.

"என் பூனைகளைப் பிடிச்சு வச்சிருக்கறது நீங்கதானே?"

கண்ணுசாமி விழித்தார். "கோரிக்கையில பூனை இல்லீங்களே."

"அரைப்படி தர்றேன். அதுகளை விட்டுடுங்கப்பா."

கொடி இறங்கியது. மறுநாள் மதியம் தாசில்தார் முன்னால் வர, பூனைகள் வேலியைத் தாண்டி வந்தன. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தானே வடித்த குழைந்த சோற்றை அவற்றுக்கும் வைத்துத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். கொட்டகையோரம் துடைப்பத்தோடு நின்ற ராசம்மாளைப் பெருமையாகப் பார்த்தார்.

"பாத்தியா, என்னை மறக்கல. எனக்குன்னு இதுகளாவது இருக்கே."

ராசம்மாள் மடியிலிருந்த கருவாட்டுத் தலையை மறைக்கப் பார்த்தாள். தாசில்தார் விடவில்லை, அவள் புடவையைப் பிடித்து ஏறினான்.

"ஐயா தனியா உக்காந்தா சாப்பிடமாட்டாரு, யாராச்சும் கூட இருக்கணும்னு அம்மா போறப்ப எங்கிட்டச் சொன்னாங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி. "நான் வந்து உங்க கூட உக்கார முடியுங்களா? அதான் எங்க தெருப் பூனைங்களக் கூட்டியாந்து விட்டேன்."