நல்ல சேதியை நம்பாதவன்

ஊருக்கு ஊர் இப்போது ஒரு புது இனம் கிளம்பியிருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் முக்காடு வைத்த சட்டை, லேப்டாப் கேமரா மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மழையாகக் கொட்ட அதையே வெறிக்கும் கண்கள், இவ்வளவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதுதான் சைபர் செக்யூரிட்டி இன்டர்ன்ஷிப்புக்குத் தயாராகிறவன். கடிக்காது, கிட்டப் போகலாம். போனை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் வாங்கி நோண்டிவிட்டு, "இத வச்சுக்கிட்டு இவ்ளோ நாள் எப்படித் தப்பிச்சீங்க?" என்று கேட்கும்.

எங்கள் அக்கா வீட்டில் ஒன்று வளர்கிறது. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். நிலைத்தது நாங்கள் வைத்த பெயர்: பூட்டு.

படிப்பின் கடைசி வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில் சில மாதம் வேலை பழகவேண்டுமாம். பழகாவிட்டால் பட்டம் கிடையாதாம். அந்தப் பழகலுக்காக அவன் வீட்டையே கோட்டையாக மாற்றினான். வாரத்துக்கு ஒருமுறை வைஃபை பாஸ்வேர்டு மாறும், மாறியதை யாரிடமும் சொல்லமாட்டான், சொன்னால் அது பாதுகாப்பில்லையாம். அக்காவின் போனுக்கு அவன் போட்ட பூட்டையெல்லாம் திறந்து ஒரு போட்டோ எடுப்பதற்குள் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிடும். கதவைத் தட்டினால் போதும்.

"யாரு?"

"மாமாடா."

"மாமான்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

சொந்த அக்கா வீட்டு வாசலில் நின்று என் வண்டி நம்பரைச் சொல்லி உள்ளே போனவன் நான். சொன்னால் வெட்கம்.

பழகுவதற்கென்றே ஓட்டையோடு செய்துவைத்த கம்ப்யூட்டர் எங்கோ இருக்கிறதாம். அதற்குள் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக நுழைவான். நுழைந்ததும் எகிறிக் குதித்து, "உள்ள போயிட்டேன்!" என்று கத்துவான். அக்கா சமையலறையிலிருந்து, "போறதுக்கு முன்னாடி அந்தக் குப்பையக் கொட்டிட்டுப் போடா" என்பாள்.

இன்டர்வியூவுக்கு ஒத்திகை வேறு. கம்பெனி அதிகாரி வேஷம் எனக்கு.

"உன் பலவீனம் என்ன?"

"அளவுக்கு மீறி ஜாக்கிரதையா இருப்பேன் சார்."

"அது நெஜமாவே பலவீனம்தான்டா."

"மாமா, அப்படியெல்லாம் அவங்க சொல்லமாட்டாங்க!"

வருஷம் முழுக்க விண்ணப்பம் போட்டான். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் 'வருந்துகிறோம்' என்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள். வருந்திய மெயில்களில் ஒன்றைக்கூட அவன் சோதிக்கவில்லை. யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது, ஒரு கேள்வி கிடையாது. படித்தான், நம்பினான், போர்த்திக்கொண்டு படுத்தான்.

கடைசியில் ஒரே ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. போனான், வந்தான். பிறகு ஒரு மெயில் வந்தது. வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் கீழே உள்ள லிங்கைத் திறந்து சம்மதம் சொல்லுங்கள், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பூட்டு மட்டும் கையைத் தூக்கினான்.

"யாரும் தொடாதீங்க. இது போலி."

"எப்படிடா சொல்ற?"

"வாழ்த்துகள்னு ஆரம்பிக்குது. சீக்கிரம்னு அவசரப்படுத்துது. லிங்க் வேற ஏதோ கம்பெனி பேர்ல இருக்கு. மாமா, நல்ல சேதி வந்தாலே அதுல ஏதோ இருக்கு."

மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். எங்கள் பிள்ளை குறுக்கு விசாரணையில் இறங்கினான்.

"நீங்கதான் அவங்கன்னு எப்படி நம்பறது?"

"தம்பி, என் முன்னாடி உக்காந்து ரெண்டு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடிச்சியே!"

"பதட்டத்துல எல்லாரும்தான் தண்ணி குடிப்பாங்க மேடம்."

அந்தம்மா போனை வைத்துவிட்டார். இவன் அதோடு விட்டானா? 'உங்கள் பெயரில் ஒரு கும்பல் ஏமாற்றுகிறது' என்று பக்கம் பக்கமாக எழுதி, அந்தக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்கே அனுப்பிவைத்தான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான். அக்காதான் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் செருப்பை மாட்டினாள். "கெளம்பு. நேர்ல போய்க் கேட்டுடுவோம். வருஷம் பூரா தேடி வந்தது இது ஒண்ணுதான்." என் சரக்கு வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். முகம் வெளிறிப்போய் நடுவில் இருந்தான் பூட்டு. நிஜமாக இருந்தால் இவனே கெடுத்த கதை, போலியாக இருந்தால் கிடைக்காத கதை. எதற்கென்று வேண்டிக்கொள்வான்?

வரவேற்பில் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு பெரிய உருவம் வந்தது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவராம். பின்னாலேயே போன் செய்த அம்மா, முறைத்தபடி.

"எங்க மெயிலையே போலின்னு எழுதினது நீதானா? உன் புகாரைப் பார்த்து எங்க ஆளுங்க இந்தம்மா மெயில் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. நேத்துலேருந்து இவங்களால ஒருத்தருக்கும் ஒரு வரி அனுப்ப முடியல."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஆனா எழுதினது அத்தனையும் சரி. வெளியாள் பேர்ல லிங்க் அனுப்பினா சந்தேகம் வரத்தான் செய்யும். இத்தனை நாள்ல எங்ககிட்ட ஒருத்தனும் சொல்லல. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தம்பி. எங்க ஆபீஸ் நம்பர் ஊருக்கே தெரியும். ஒரு போன் போட்டு, 'நான் தேர்வாயிட்டேனா?'ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் கேக்கல?"

பூட்டு தலையைக் குனிந்துகொண்டான். முக்காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "எனக்கெல்லாம் கெடைக்கும்னு நான் நெனைக்கவே இல்ல சார்."

அந்த மனுஷன் அவன் தோளில் தட்டி, "திங்கக்கெழம வந்துரு" என்றார். அந்தம்மா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சம்மதத்தைக் கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போ சாமி. உனக்கு இனிமே நான் மெயில் அனுப்பமாட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. ஆனால் போன வாரம் தெரிந்தவர் ஒருவர் "பிரமாதமா செஞ்சிருக்கீங்க" என்றபோது, 'இவனுக்கு நம்மகிட்ட என்ன காரியம் ஆகணும்?' என்று மனசுக்குள் கணக்குப் போட்டது யார்? போகட்டும். 'உன்னால ஆகாது' என்று ஒரு சேதியை எத்தனையோ வருஷமாக உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அதை அனுப்பியது யார் என்று ஒரு தடவையாவது விசாரித்தீர்களா?