வெள்ளைப் பாத்தியில் ஒரு செருப்புத் தடம்

"பாத்தியில யாரோ நடந்திருக்காங்க!"

தலைமையாசிரியை போட்ட சத்தத்தில் அவள் கணவர் கையிலிருந்த காபி தளும்பியது.

முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில், வெள்ளைக் காசித்தும்பைகளுக்கு நடுவே செருப்புத் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. தெருச் சங்கத்தின் 'ஒரே நிறப் பாத்தி' கோப்பையை மூன்று வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத பாத்தி. அவள் விதைப்பதுகூட இல்லை. காய் வெடித்து, தானாக விழுந்து, தானாக முளைத்து, வெள்ளையாகவே பூக்கும். "ஒழுக்கமான செடிங்க" என்பாள்.

"பூனையா இருக்கும்" என்றார் கணவர்.

"பூனை ஒன்பதாம் நம்பர் செருப்பா போடும்?"

பக்கத்து வீட்டு மதிலில் இருந்த சின்னக் கதவுக்கு அன்றே பூட்டுப் போட்டாள்.

சில வாரத்தில் பாத்தியில் ரோஸ் நிறத்தில் ஒரு பூ. வெள்ளைச் செடிகளுக்கெல்லாம் பச்சைத் தண்டு; இதற்குத் தண்டுகூடச் சிவந்திருந்தது.

பக்கத்து வீடு பல் டாக்டருடையது. அங்கே ரோஸும் ஊதாவுமாகக் காசித்தும்பை கண்டபடி மண்டிக் கிடக்கும்.

"டாக்டர்! உங்க செடியை அடக்கி வைக்க மாட்டீங்களா?"

ஊரார் வாயைத் திறக்க வைத்தே பழகியவருக்குத் தன் வாய் பாதிதான் திறந்தது. "காய் வெடிச்சா விதை தெறிக்கும் மேடம்... நான் வேணா உள்ள வந்து..."

"உள்ள வேற வருவீங்களோ?"

மதில்மேல் தகரம் அடித்தாள். ரோஸ் பெருகியது. ஆத்திரத்தில் பிடுங்கி உதறினாள். முற்றிய காய்கள் அவள் கையிலேயே வெடித்துப் பாத்தியெங்கும் சிதறின. தகரத்துக்கு மேல் வலை கட்டினாள். ஊதா வந்தது, வெள்ளையில் சிவப்புத் தெளித்தது வந்தது. பாத்தி, பெயின்ட் கடை விளம்பரம் போலாகிவிட்டது.

"இவ்வளவு மறைச்சும் வருதுன்னா, அந்த ஆளு வேணும்னே விதையை வீசறான்!"

"ராத்திரியெல்லாம் விதை வீசினா பகல்ல எப்படிம்மா பல்லு புடுங்குவாரு?"

"நீங்க யார் பக்கம்?"

கணவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

போட்டி நாளன்று நடுவர்கள் பாத்தியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற பிரிவுல சேர்ந்திருக்கலாமே மேடம்?"

கோப்பை எதிர்வீட்டுக்குப் போனது. தலைமையாசிரியை பல் டாக்டர் வீட்டு அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்கவேயில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"எங்க உங்க வீட்டுக்காரர்? மூணு வருஷமா கண்ணுமாதிரி காப்பாத்தின பாத்தி! கெடுத்த மனுஷன் வெளிய வரட்டும்!"

"கிளினிக்ல இருக்காருக்கா" என்றாள் அவள் நிதானமாக. "மூணு வருஷமா, உங்க வாய்க்குப் பயந்து, நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள வந்து, சிவப்புத் தண்டு நாத்தையெல்லாம் சத்தமில்லாம வேரோட புடுங்கிட்டு இருந்தாரு. நீங்கதானக்கா கதவைப் பூட்டிட்டீங்க."