ஆளுக்கொரு மாதிரி

மனித அறிவு எட்டிய சிகரங்களில் மிக உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால், ஒரு செடியை நேரில் பார்க்காமலே அது உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் ஆற்றல்தான் என்பேன். அந்தச் சிகரத்தில் ஏழு நாற்காலிகள் போட்டு அமர்ந்திருந்தது தாவர வகைப்பாட்டு உயர்நிலைக் குழு. அதன் அடிவாரத்தில் ஸ்டூல் போட்டுக் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர் என் கணவர். கள்ளிச்செடிகளை இனம் பிரிப்பது அவர் தொழில்.

கல்யாணமான புதிதில் என் தம்பி கேட்டான்.

"மாமாவுக்கு என்னக்கா வேலை?"

"கள்ளிக்குப் பேரு வைக்கிறாரு."

"வச்சா? கூப்பிட்டா வருமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வராது மச்சான். ஆனா பேரு இல்லன்னா, வெட்டறப்போ ஏன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

ஆய்வகத்தில் அவரை 'முள்ளு சார்' என்பார்கள். சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் விரல்களைப் பிடித்து, மயிரிழை போன்ற முட்களை முள்வாங்கியால் எடுப்பது என் உத்தியோகம். வயதான பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மற்ற தம்பதிகள் காரணம் தேட வேண்டியிருந்தது. எங்களுக்கு முள் இருந்தது.

ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது, கல் உடைக்க ஏலம் விட்டிருந்த ஒரு பாறைக்குன்றின் உச்சியில் அவர் ஒரு கள்ளியைக் கண்டார். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறப் பூ. எந்த நூலிலும் இல்லாத செடி. அந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி. புது இனம் என்று குழு ஒப்புக்கொண்டால் வெடி வைக்கத் தடை. இல்லையென்றால் குன்று ஜல்லி, கள்ளி தூசி. இதைவிட எளிமையாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. அதுவே பெரிய இடையூறாகிவிட்டது.

குழுவில் பாசி அறிந்தவர் இருந்தார். புல் அறிந்தவர் இருந்தார். தணிக்கை அறிந்தவர்கூட இருந்தார். கள்ளி அறிந்தவர் மட்டும் இல்லை. பாரபட்சம் நுழைந்துவிடக் கூடாதே!

"ஒரு தடவை குன்றுக்கு வந்து பாத்துடுங்க சார்" என்று இவர் கெஞ்சினார்.

"முள்ளு சார், நாங்க குழு. குழு மலையேறக் கூடாது" என்றார் தலைவர். "மாதிரிதான் எங்களத் தேடி வரணும்."

விதியும் அப்படித்தான் சொன்னது. வேரோடு பிடுங்கி, இரண்டாகப் பிளந்து, சதையைச் சுரண்டி, காயவைத்து, தட்டையாக்கி, அட்டையில் தைத்தால்தான் அது செடி. மண்ணில் உயிரோடு நிற்பது வெறும் வதந்தி. அதுவும், ஆளுக்கொரு மாதிரி தர வேண்டும்.

ஏழு அட்டைகள் போயின. "பூ இல்லையே" என்றார் புல்காரர். பூத்த பிறகு இன்னும் ஏழு. "காய் எங்க?" என்றார் தணிக்கை. காயோடு ஏழு. அவற்றைப் பூச்சி அரித்துவிட்டது. "அந்துருண்டைக்கு டெண்டர் விட்டிருக்கோம், அதுக்குள்ள வேற கொண்டாந்துடுங்க" என்றது குழு. பாசிக்காரர் மாற்றலாகிப் போகும்போது தன் அட்டைகளை ஞாபகார்த்தமாக எடுத்துப்போனார். அடுத்து வந்தவருக்கு எல்லாம் முதலிலிருந்து வேண்டியிருந்தது.

"போதும், விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"விட்டா குன்றே போயிடும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை."

அந்தத் தடவைதான் தலைவர் தம் மேதைமையின் உச்சத்தைத் தொட்டார்.

"அரிய செடிங்கறீங்க. கேக்கறப்பெல்லாம் கொண்டாந்துக்கிட்டே இருக்கீங்க. அப்புறம் எப்படிங்க இது அரிது?"

"கொண்டாந்து கொண்டாந்துதான் சார் அரிதாயிடுச்சு."

"அத நீங்க சொன்னா ஆச்சா? மிச்சம் இருக்கறத எடுத்துட்டு வாங்க. எண்ணிப் பாத்துடுவோம்."

இவர் முதல் முறையாக மாட்டேன் என்றார். குழு வருத்தப்படவில்லை. குழுதான் மலையேறக் கூடாது. ஜீப்பும் இரண்டு கடைநிலை ஊழியர்களும் ஏறலாம். மறுநாளே எண்ணிக்கை துல்லியமாக முடிந்தது. எண்ணிய செடிகளெல்லாம் கோணிப்பையில் வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஜன்னலோரம் வந்து கையை நீட்டினார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு முள்கூட இல்லை. சொல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்கு அவர் இல்லை. டாக்டர் இதயம் என்றார்.

குழுவின் நன்றியுணர்ச்சி அப்போதுதான் பொங்கியது. இரங்கல் கூட்டத்திலேயே அந்தக் கள்ளியைப் புது இனமாக 'ஏகமனதாக' அங்கீகரித்து, அதற்கு என் கணவர் பெயரையே சூட்டினார்கள். அதே தீர்மானத்தின் இரண்டாம் பத்தியில், அது முற்றிலும் அழிந்துவிட்டதாகவும், ஆகவே கல் உடைக்கத் தடையேதும் இல்லை என்றும் அறிவித்தார்கள். பிறப்பையும் இறப்பையும் ஒரே மூச்சில் பதிவு செய்த இன்னோர் அலுவலகம் இருந்தால் காட்டுங்கள்! தலைவர் தழுதழுத்த குரலில் தொடர்ந்து வாசித்தார்: "அழிவுக்குக் காரணம், அளவுமீறிச் சேகரித்தது. சேகரித்தவர்..." என்று என் கணவர் பெயரைச் சொன்னார். சபை கைதட்டியது.

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"பேரு தப்பா வச்சுட்டீங்க சார்" என்றேன்.

தலைவர் பதறிப்போய்க் காகிதத்தைப் புரட்டினார். "எழுத்துப் பிழையாம்மா?"

"இல்லீங்க. உங்க ஏழு பேரு பேரையும் வச்சிருக்கணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு பெரிய மனசும்மா உங்களுக்கு! ஆனா விதி இடம் கொடுக்காதே. ஒரு செடிக்கு ஒருத்தர் பேரத்தான் வைக்கலாம்."

"செடிக்குச் சரி சார்" என்றேன். "கொலைக்கு அப்படி விதி எதுவும் இல்லையே."