கேன்காரரும் புல்லட்டின் பின்னங்காலும்

பாபநாசத்தில் மனிதருக்கு முதுகு பிடித்துவிட ஆள் தேடினால் கிடைக்காது. நாய்க்கு என்றால் வாசலுக்கே வருவார். அவர்தான் எங்கள் கேன்காரர். தெருவில் எல்லார் போனிலும் 'கேன் வாட்டர்' என்று பதிவானவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மொபெட்டில் எட்டு தண்ணீர் கேன் தொங்க வருவார். கேனை இறக்க ஒரு நிமிடம், அந்த வீட்டு நாய்க்குப் பத்து நிமிடம். கடைசி வீட்டுக்காரர்கள் தாகத்தோடு வாசலில் நின்று, "இன்னும் எத்தனை நாய்ங்க இருக்கு?" என்று போன் போடுவார்கள்.

"மூணுங்க. அதுல ஒண்ணு குட்டி. வந்துடறேன்."

நாய்க்கு நீவிவிட எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பயத்துலதான்க்கா. நாலு தடவ கடி வாங்கியாச்சு. அஞ்சாவது நாய் வர்றப்ப ரெண்டு கையிலயும் கேன். ஓடவும் முடியல. கேனை வச்சுட்டு அது மேலயே உக்காந்துட்டேன். நாய் மோந்து பாத்துச்சு. என் கை போய் அது கழுத்துல விழுந்துச்சு. கை நடுங்குது பாருங்க, அந்த நடுக்கத்துலயே அது தூங்கிடுச்சு."

"இப்ப நடுங்கலையா?"

"இப்ப வேணும்னே நடுக்கறேன்க்கா."

இவர் புகழைப் பார்த்து எதிர்வீட்டுக் கமலா அக்காவுக்கும் ஆசை வந்தது. எண்ணெய் இல்லாமல் என்ன மசாஜ் என்று, தன் நாய்க்கு நல்லெண்ணெயைச் சூடாக்கி வால் நுனி வரை தேய்த்துவிட்டார். குறுவை அறுப்பு நேரம். ரோடு நெடுக நெல் காய்கிறது. நாய் நேரே போய் அதில் நாலு புரள் புரண்டது. சற்று நேரத்தில் நெற்கதிர் ஒன்று நான்கு காலில் நடந்து வந்தது. பின்னாலேயே நெல்லுக்காரர்.

"அக்கா, நாய் உங்களுது. நெல்லு என்னுது. உதறி விடுங்க."

கேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வெறுங்கைதான்க்கா போடணும். நாய்க்கு என்ன, தீபாவளியா?"

தெருவே சிரித்தது. மார்கழியில் எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றது.

எங்கள் நாய் புல்லட்டுக்குப் பதிமூன்று வயது. பின்னங்காலை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் அதன் கிட்டே போனால் பல்லைக் காட்டியது. அவர் தள்ளி நின்று பார்த்து, மூட்டுத் தேய்மானமாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். வலி அதற்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். யார் படுத்துக் கிடந்தாலும் அவருக்கு ஆகாது. கழுத்துப் பட்டையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். அவரையே கவ்வ வந்தது.

"இது படற பாட்டைப் பாக்க முடியல. பொங்கல் முடியட்டும், டாக்டர்கிட்ட ஊசிக்குச் சொல்லிடலாம்" என்றார். எந்த ஊசி என்று நான் கேட்கவில்லை.

கேன்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து, கேன் வேண்டாத நாளிலும் வந்தார். பழகிய நாய்தான், ஆனாலும் வலியில் இருந்ததால் முதல் இரண்டு நாள் தொடவே இல்லை. உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கழுத்து. பிறகு முதுகெலும்பில் படாமல், அதன் இரண்டு பக்கமும் தட்டைக் கையால் மெல்ல நீவினார். பழைய வேட்டியை வெந்நீரில் பிழிந்து தொடையில் ஒத்தினார். புல்லட் முகத்தைத் திருப்பினால் உடனே கையை எடுத்துவிடுவார்.

"போதும்னு சொல்லுதுக்கா. நாம சொன்னா அது கேக்கணும், அது சொன்னா நாம கேக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. பதிமூன்று வருடம் சோறு வைத்தேன், குளிப்பாட்டினேன். எங்கே வலிக்கிறது என்று அந்த உடம்பிடம் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "தண்ணி கேன் போடறவர் எலும்பு டாக்டர் ஆயிட்டாரா?"

"இல்லீங்க சார். டாக்டர் தொடறதுக்கு அது விடணும்ல? அதுக்குத்தான் நான்."

போகிக்கு முதல் நாள் புல்லட் தானாகவே பின்னங்காலை நீட்டி அவர் மடியில் வைத்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தவர் கையை நிறுத்தினார்.

"அக்கா, சாரைக் கூப்பிடுங்க."

ஓரத்து நகம் வளைந்து வளர்ந்து, பாதத்தின் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ். டாக்டர் வந்தார். கேன்காரர் கழுத்தை நீவிக்கொண்டே இருக்க, நகத்தை வெட்டி எடுத்து மருந்து போட்டார். புல்லட் முனகியது, பல்லைக் காட்டவில்லை.

"தேய்மானமும் இருக்கு. ஆனா காலை ஊன்ற விடாம வச்சது இதுதான்" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் வெட்டிய நகத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்துனூண்டு நகத்துக்கா நான் நாள் குறிச்சேன்?"

கேன்காரர் அவர் கையைப் பிடித்துப் புல்லட்டின் தொடையில் வைத்தார். "அழுத்தாதீங்க சார். இது டிரில் இல்ல. சும்மா, கேக்கற மாதிரி வைங்க."

பொங்கல் கழிந்த வாரம் புல்லட் எழுந்து கேட் வரை போய் வந்தது. ஓடவில்லை, ஓடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் பார்த்தது. தினமும் காலையில் அதற்கு நீவிவிடுவது வாத்தியார் வேலை ஆனது. அப்படி ஒரு காலையில், அவர் கை முதுகில் இருக்கும்போதே, மூச்சு அடங்கியது.

கேன்காரர் வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்தார். யாரையும் தொட்டுப் பேச விடாத மனிதர், அன்று உதறவில்லை.

போன மாதம் மகன் வந்து தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். நல்ல தண்ணீர்தான் வருகிறது. ஆனாலும் கேன்காரரிடம் வாரத்துக்கு இரண்டு கேன் வாங்கிச் செம்பருத்திக்கு ஊற்றுகிறோம்.