எலிக்கு வைத்த தேங்காய்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய் என்றால் என் காலில் மிச்சமிருக்கும் ஒன்பது விரலும் உதிர்ந்து போகட்டும். பத்தாவது விரல் எப்படிப் போனது என்பதற்கு இரண்டு கதை வைத்திருக்கிறேன். இரண்டும் உண்மை.

குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட வருஷங்கள். பாறசாலையில் ஒரு நாள் பஸ் ஓடினால் மூன்று நாள் ஓடாது. தமிழில் அதட்டியவனுக்குத் தமிழிலும் மலையாளத்தில் அதட்டியவனுக்கு மலையாளத்திலும் பணிந்து பதில் சொல்லி உயிர் பிழைத்த வீரன் நான். சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவரிடம் வாங்கிய கறுப்புக் கார் ஒன்று எனக்கு உண்டு. கல்லெறிக்குப் பயந்து அதை ஐப்பசியிலேயே ஓலைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டேன்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். குழித்துறையில் இருக்கும் மைத்துனன் யோசுவாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடித்துப் போனேன், போலீஸ் தடியடியில் இடது காலின் சுண்டுவிரல் தெறித்துவிட்டது என்று. இரண்டு கதைகளில் அது முதலாவது.

பதில் உடனே வந்தது. ‘அத்தான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே கூட்டம். நீங்கள் மேடையில் ஏறிக் காலைக் காட்டினால் போதும். அக்காவையும் கூட்டி வாருங்கள்.’

மேடை ஏறுகிறவர்களின் பெயரைப் போலீஸ் ஏட்டு எழுதிக்கொள்கிறார் என்று கேள்வி. போனால் மிச்ச விரலுக்கு உத்தரவாதம் இல்லை. போகாவிட்டால் நான் பொய்யன். ஒரே வழிதான் இருந்தது. கார் ஓடக் கூடாது. அதற்குக் காரணம் நானாகவும் இருக்கக் கூடாது.

வழியைக் காட்டியவள் என் மனைவி கிருபாபாய்.

“மார்கழிப் பனி தொடங்கியாச்சு. வண்டிக்க உள்ள எலி கேறும், கேட்டியளா. வயரக் கடிச்சுப் போட்டா தம்பிக்க வீட்டுக்கு எங்ஙன போறது?”

“நான் இருக்கேன்லா, பிள்ளே.”

“அதுதான் பயமாட்டு இருக்கு.”

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டாள். புகைக்குழாயில் தேங்காய் நார்ச் சவுரியை அடைத்தாள். சீட்டுக்கு அடியில் புகையிலைக் காம்பு வைத்தாள். காரைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கனமாகத் தூவினாள்.

“இது என்னத்துக்கு?”

“எலி சாம்பல மிதிக்காதாக்கும்.”

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சோமனிடம் போனேன். அவன் வீட்டில் மலையாளம்.

“சோமா, எலிக்கு என்ன தீனி ரொம்ப இஷ்டம்?”

“சுட்ட தேங்ஙா. சேட்டன் கெணி வைக்கப் போறோ?”

“பொறியெல்லாம் வேண்டாம்.”

“அப்படியெங்கில் வெஷம் தடவணும்.”

“பாவம்லா.”

எலிக்கு இரங்கிய முதல் மனுஷனை சோமன் ஏற இறங்கப் பார்த்தான். பார்த்தாலும் தேங்காய் சுட அடுப்பைத் தந்தான்.

கிருபாபாய் மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள். அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து, வயர்களுக்கு நடுவே பத்துத் துண்டு சுட்ட தேங்காய் வைப்பேன். விடியுமுன் இருட்டில் போய்த் தடவிப் பார்த்தால் ஒரு துண்டும் இராது. பத்து நாள் இப்படி. எந்த எலியாவது இந்த அளவு விருந்தோம்பலைக் கண்டிருக்குமா? வயரையும் ஒரு கை பார்த்திருக்கும் என்ற நிம்மதியில் எனக்குப் பசி இரட்டித்தது. காலையில் மரச்சீனிக் கிழங்கு அவியலும் தேங்காய்ச் சம்மந்தித் துவையலும். இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

“சம்மந்திக்கு இப்பம் ஒரு தனி ருசி உண்டு பிள்ளே. ஆனா லேசா பெட்ரோல் மணம் அடிக்குது.”

“அம்மி கொத்தினேன். புது மணமாட்டு இருக்கும்.”

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. முகத்தில் துக்கத்தை ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவள் புதுச்சேலையில், புகைக்குழாயிலிருந்து பிடுங்கிய சவுரியோடு நின்றாள்.

“எலி எல்லாத்தையும் தின்னுருக்கும். தம்பிக்கு ஆள் சொல்லி விடு.”

“ஹேண்டிலப் போட்டுச் சுத்துங்க.”

ஒரே சுற்று. துரை காலத்தில்கூட அந்தக் கார் அப்படி உறுமியதில்லை. பானெட்டைத் திறந்தேன். வயர் எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. எலிப் புழுக்கை ஒன்றுகூட இல்லை.

“எலி வரல்லியா?” என்று கேட்டேன்.

“வந்துதே. சாம்பல்ல தடம் கிடக்கு, பாருங்க.”

பார்த்தேன். ஒரு முழம் நீளம். இடது காலில் நாலே விரல்.

“அப்பம் நான் வச்ச தேங்காய்?”

“நல்ல தேங்காயக் களைய மனசு வருமா? பத்து நாளும் சம்மந்தி பின்ன எதுல அரைச்சேன்? கேறி இருங்க. தம்பிக்கு எல்லாத்தையும் எழுதிப் போட்டாச்சு. மரச்சீனிக்குக் குழி எடுக்கும்பம் உங்களுக்க மம்பட்டிதான் விரலக் கொண்டுபோச்சுண்ணும் எழுதியாச்சு.”

“என்னிக்கு எழுதின?”

“நீங்க முதல்ல தேங்காய் வச்ச மறுநாளு.”

குழித்துறையில் எனக்கு மேடை இல்லை. ஏட்டும் இல்லை. வீட்டு வாசலில் யோசுவா கையை நீட்டிக்கொண்டு நின்றான். மாலையாக இருக்குமோ என்று தலையைக் குனிந்தேன்.

“எடுத்துக்கிடுங்க அத்தான்” என்றான். கையில் சுட்ட தேங்காய்த் துண்டு.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கிருபாபாய் கேட்டால் மட்டும், எலி என்று சொல்லிவிடுங்கள்.