உச்சி வெயிலில் எடுத்த அண்ணன் படம்

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் படித்தவன் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அடுத்த மாதமே பெரிய கேமரா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். (அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டதாக மனைவி சொல்வாள்.)

என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். படவேட்டில் நெல்லும் கரும்பும் பயிரிட்டு வாழ்ந்தவர். அவருக்கென்று இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில்தான். அதில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருப்பார்.

"தம்பி, நல்லதா ஒண்ணு புடிச்சி குடுடா. நாளைக்கு மாலை போட்டா பாக்கற மாதிரி இருக்கணும். முடியாதுன்னா சொல்லு, சந்தவாசல் ஸ்டூடியோவுக்குப் போய்ட்டு வர்றேன்" என்றார்.

"நீலத் துணி முன்னாடி பொம்மை மாதிரி உக்காரப் போறீங்களா? காட்டுல நிக்க வெச்சி எடுக்கறேண்ணா."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஜவ்வாது மலை ஏறினோம். நான் லென்ஸைத் துடைத்து முடித்துக் கிளம்பியதில், அடர்ந்த காட்டுக்குள் நுழையும்போது உச்சி வெயில். மரத்தடியில் விழும் ஒவ்வொரு ஒளிவட்டமும் சூரியனின் பிம்பம் என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். அந்த வட்டங்கள் அண்ணன் முகத்திலும் விழும் என்பது மட்டும் தோன்றவில்லை. முகம் பாதி கறுப்பு, பாதி வெள்ளைப் புள்ளி. இருட்டைப் போக்க, சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளத்தை அண்ணி கையில் கொடுத்து, வெயிலை அண்ணன் முகத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

"கண்ணைத் தொறங்கண்ணா."

"இன்னாத்த தொறக்கறது? சூரியனையே மூஞ்சில கொட்டறாளே!"

"வாத்தியாரு சொல்றாரு, நான் காட்டறேன்" என்றார் அண்ணி.

அண்ணனை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தேன். தலை சுற்றிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் திட்டவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எல்லாப் படத்திலும் முகமெல்லாம் புள்ளி, கண்கள் இறுக மூடியிருந்தன. அண்ணன் போனில் கேட்டார். "பிரமாதமா வந்திருக்குண்ணா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்றேன். என் படிப்பு அந்தப் பொய்க்குத்தான் உதவியது. அதை நம்பி அவர் ஸ்டூடியோ பக்கம் போகவில்லை. இன்னும் இரண்டு முறை கேட்டார். அறுவடைக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

காரியத்துக்குப் படம் வேண்டும். அதே சந்தவாசல் ஸ்டூடியோவில் போய் நின்றேன்.

"புள்ளியெல்லாம் எடுத்துடலாம் சார். கண்ணுதான் மூடிக்கினு கீது. வேற கண்ணு வெச்சிடட்டா?"

"யாரோட கண்ணு?"

"கூடப் பொறந்தவரு கண்ணுன்னா பொருந்தும். இப்டி உக்காருங்க."

நீலத் துணி முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்தேன்.

"அழுவாதீங்க சார். கண்ணு செவப்பா வுழும்."

படத்தை மாட்டியதும் அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவுரு இப்டி முழிக்கவே மாட்டாரே தம்பி" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது அந்த வீட்டில் நான் நுழைந்தாலே அண்ணன் பிள்ளைகள், "செவுத்துல இருக்கற சித்தப்பாவுக்கு ஒரு டீ, வந்த சித்தப்பாவுக்கு ஒரு டீ" என்று குரல் கொடுப்பார்கள். அண்ணிகூடச் சிரித்துவிடுவார். நானும் சிரித்துக்கொண்டே படத்தின் முன் போய் நிற்பேன். கும்பிடும்போது மட்டும், அண்ணன் அன்று மூடிக்கொண்ட மாதிரி, கண்களை இறுக மூடிக்கொள்வேன்.