படியேறிப் போன வடைக்கூடை

செஞ்சி கடைவீதி மளிகைக்கடை தேவநாதனுக்கு அன்றைக்குப் போதாத வேளை. சுகாதார விழா என்று பந்தல் போட்டு, எடை மிஷினோடு ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நிற்கிற காலம். வந்தவர்களுக்கெல்லாம், "நல்லா சாப்பிடணும், கீரை சேர்த்துக்கணும்" என்று ஒரே பாட்டு. தேவநாதன் ஏறி நின்றார். முள் தொண்ணூற்றாறு கிலோவில் போய் முட்டியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மட்டும் கொஞ்சம் நிறுத்திக்குங்க" என்றார். பந்தலே சிரித்தது.

சம்சாரம் ஞானம்பாள் சிரிக்கவில்லை.

"உங்க நைனா நாப்பத்தெட்டு வயசுல கல்லாப்பெட்டி மேலயே சாஞ்சாரு. உங்களுக்கு நாப்பத்தாறு. நான் பயந்து சாவறேன், நீங்க பக்கோடா கேக்கறீங்க!"

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"காலையில ராணிக்கோட்டை மலை ஏறி எறங்குங்க. தீவாளிக்குள்ள பத்து கிலோ கொறையல, அதிரசத்த கண்ணுல காட்ட மாட்டேன்."

அதிரசம் இல்லாத தீபாவளியா! தேவநாதன் தலையாட்டினார். எதிரே நிற்கிற ராஜகிரி மலை இதைவிட எவ்வளவோ உயரம்; அதைச் சொல்லாமல் விட்டாளே, புண்ணியவதி!

மறுநாள் விடியலில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். மலையடிவாரத்தில் பூவாயி மசால்வடைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தேவநாதனின் மூளை அங்கேயே வேலை செய்தது. மலைக்கு யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆறு வடையை உள்ளே தள்ளினார். குளத்துத் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"ஐயோ, இன்னா வேர்வை!" என்று துண்டை வாங்கித் துடைத்துவிட்டாள் ஞானம்பாள். நமக்கா தெரியாது என்று அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பூவாயியை அடிவாரத்தில் காணோம். ஐம்பது படி மேலே கூடை தெரிந்தது.

"இன்னா பூவாயி, இங்க வந்துட்ட?"

"கீழ கொரங்குத் தொல்லை மொதலாளி."

நியாயம்தானே! ஐம்பது படி ஏறினார். அதற்கடுத்த வாரம் நூற்றைம்பது.

"வாட்ச்மேன் வெரட்டறாரு மொதலாளி."

"ஒரு ஏழப் பொம்பளைய இப்பிடியா ஓட ஓட வெரட்டுவாங்க? தாசில்தாருக்கு மனு எழுதறேன் பாரு!"

"வேணாம் மொதலாளி, வம்பு."

பிறகு வெயில் என்றாள். பிறகு காற்று என்றாள். கூடை மேலே போகப் போக வடையும் ஆறிலிருந்து நாலாகி, இரண்டானது. ஏறுகிறவர்கள் வழியிலேயே வாங்கிவிடுகிறார்களாம். குளத்துத் தண்ணீர் தெளிக்கிற வேலையைத் தேவநாதன் எப்போது விட்டார் என்று அவருக்கே ஞாபகமில்லை. இடுப்பு பெல்ட் தொளதொளத்தது. மட்டச் சரக்கு என்று விற்றவனைத் திட்டினார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கூடையைத் தேடி உச்சிக்கே போய்விட்டார். மண்டபத்தில் பூவாயி. பக்கத்தில் வாழையிலையைத் துடைத்துக்கொண்டு ஞானம்பாள்!

"நீ... நீ இங்க இன்னா பண்ற ஞானம்?"

"நீங்க இன்னா பண்றீங்க?"

"ஏ... ஏறி வந்தேன்."

"அதான் பாக்கறேனே. மூச்சுகூட வாங்கல."

அப்போதுதான் தேவநாதன் தன் மூச்சைக் கவனித்தார். அட, ஆமாம்!

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே. துண்டெல்லாம் சோம்பு வாசனை. கோட்டையில சோம்பா வெளையுது? அன்னிக்கே பூவாயி வீட்டுக்குப் போய்ட்டேன். உங்க கடை பருப்பு, உங்க கடை எண்ணெய். கூடைய மட்டும் மெள்ள மெள்ள மேல ஏத்தச் சொன்னேன்." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இந்தத் தடவை நிஜமான வேர்வையைத் துடைத்துவிட்டாள். "நீங்க நல்லாருக்கணும்ங்க. வேற இன்னா வேணும் எனக்கு?"

தேவநாதனுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. இலையில் அவள் வைத்த அதிரசத்தை எடுத்துக் கடித்தார்.

"சரி, நான் தோத்துட்டேன். போதும்மா இந்தக் கூத்து. பூவாயி, நாளைலருந்து நீ கீழயே உக்காந்துக்க."

பூவாயி ஞானம்பாளைப் பார்த்தாள். ஞானம்பாள் எதிர்மலையைப் பார்த்தாள்.

"நாளைலருந்து கடை ராஜகிரில மொதலாளி" என்றாள் பூவாயி.